என் மண்டபத்தைக் காணாமல் செய்தது நீ இல்லை

கயல்,

நலம் விசாரிப்பதெல்லாம் நேற்று போனிலேயே முடிந்துவிட்டது. "சாப்பிட்டீங்களாப்பா" என்று நீ கேட்டாய், "ஆச்சும்மா" என்று நான் சொன்னேன், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் விஷயம் இல்லாமல் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். மூன்று வருஷமாக நாம் பேசிக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அது முடிந்த பத்தாவது நாள் நீயும் மாப்பிள்ளையும் நெதர்லாந்துக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதற்குள் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும், வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கோபப்பட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். குவைத்தில் இருந்த பதினோரு வருஷமும் உங்களுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதியவன் நான். அதில் பாதிக்கு மேல் பொய். வெயில் பழகிவிட்டது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, முதலாளி தங்கமானவர் என்று எழுதித் தள்ளினேன். இதில் பொய் எழுதப் போவதில்லை. படித்துவிட்டு இதை நம் மண்டபத்தின் இணையப் பக்கத்திலேயே போட்டுவிடு. ஊர் கூடி இருந்தபோது சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் திருப்பி எடுத்தால் அது சரியாகாது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமா மேல் பொறாமை. செல்வத்தை, உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பியை, என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசாதவனை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். எப்போது ஆரம்பித்தது என்றுகூட எனக்குத் தெரியும். உனக்கு நாலு வயசு. குவைத்திலிருந்து முதல் லீவில் வந்து இறங்கினேன். பெட்டியைத் திறந்து பொம்மையை நீட்டினால் நீ மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாய். அங்கிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, இவரு எப்ப போவாரு?" என்று கேட்டாய். வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அதற்குப் பிறகு நான் இல்லாத வருஷங்களில் நடந்ததையெல்லாம் உன் அம்மா கடிதத்தில் எழுதுவாள். கயலுக்குக் காய்ச்சல், தம்பி தூக்கிக்கொண்டு ஓடினான். கயல் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், தம்பி போய்வந்தான். கயலுக்கு கம்ப்யூட்டர் வாங்கியாச்சு, தம்பி தஞ்சாவூரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். அவள் நல்ல செய்தியாகத்தான் எழுதினாள். நான் ஒவ்வொரு வரியிலும் "தம்பி" என்று வருகிற இடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் திருக்காட்டுப்பள்ளியில் ஆற்றங்கரை ரோட்டில் மண்டபம் கட்டினேன். உனக்கு இது தெரிந்த கதைதான், ஆனால் இணையப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். என் அப்பாவும் உன் மாமாவின் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் அவர்களுக்குக் கடைசிப் பந்திக்குப் பிறகு கொல்லைப் பக்கம்தான் இலை விழும். அந்த வீட்டுப் பிள்ளை நான், என் அம்மா பெயரில் குளிர்சாதன வசதியோடு மகால் கட்டினேன் என்றால் எனக்குக் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும். இரண்டு வருஷம் கழித்து உன் மாமா பூதலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒன்று கட்டினான். தகரக் கூரை, சாதாரணத் தரை, நாலு மூலையிலும் பெரிய மின்விசிறி. எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் யோசனை கேட்டான். நான் சொன்னபடியே செய்தான். எதிலாவது ஒன்றில் அவனைவிட நான் முந்தி இருக்கிறேனே என்று அப்போதுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

நீ படிப்பை முடித்து சென்னையில் வெப்சைட் செய்து கொடுக்கிற கம்பெனியில் சேர்ந்த வருஷம், பொங்கலுக்கு வந்தவள், "அப்பா, நம்ம மண்டபத்துக்கு நானே ஒரு சைட் பண்ணித் தரேன்" என்றாய். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேராக நம் கடைத்தெரு பிளெக்ஸ் போர்டு கடைக்குப் போனேன். நம் ஊரில் காதுகுத்தோ கட்சி மாநாடோ எதுவானாலும் முதலில் பிளெக்ஸ்தான், அது இல்லாமல் ஒரு காரியம் நடந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெப்சைட் என்பதும் கம்ப்யூட்டருக்குள் கட்டுகிற பிளெக்ஸ் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே பிள்ளையார், நடுவில் மண்டபம், ஓரத்தில் கைகூப்பியபடி நான், தங்க எழுத்தில் மண்டபத்தின் பெயர், எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் சாப்பிடலாம், போன் நம்பர் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாகச் செய்து வாங்கி வந்து உன் முன்னால் வைத்து, "இதை அப்படியே ஏத்திடும்மா" என்றேன்.

நீ எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "அப்பா, இது பாக்க நல்லாருக்கு. ஆனா தேடுற மெஷினுக்கு கண்ணு கெடையாதுப்பா. எழுத்தா இருந்தாத்தான் படிக்கும். இது மொத்தமும் படம். இதுல மண்டபம்னு எழுதிருக்கா மளிகைக் கடைன்னு எழுதிருக்கான்னே அதுக்குத் தெரியாது." நான், "மனுசனுக்குத்தானே காட்டப் போறோம், மெஷினுக்கு எதுக்கு?" என்றேன். பக்கத்தின் தலைப்பில் ஊர் பெயரும் திருமண மண்டபம் என்பதும் வர வேண்டும் என்றாய். வாசலில் நல்வரவு என்று போடாமல் ஊர் பெயரையா போடுவார்கள் என்று சண்டை பிடித்து "நல்வரவு" என்றே வைக்க வைத்தேன். அது போதாதென்று திறந்தவுடன் இரண்டு கதவு விலக வேண்டும், நாதஸ்வரம் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு "உள்ளே வருக" என்ற பொத்தானை அமுக்கினால்தான் மண்டபம் தெரிய வேண்டும் என்றேன். "போன்ல பாக்கறவங்களுக்கு கதவு தொறக்கறதுக்குள்ள பொறுமை போயிடும்ப்பா" என்றாய். கேமராவில் எடுத்த போட்டோ நாற்பதையும் ஒன்றைக்கூடச் சுருக்கவிடாமல் அப்படியே போடச் சொன்னேன். போட்டோவுக்குக் கீழே இது சமையல்கட்டு, இது மணமகள் அறை என்று எழுத வேண்டும் என்று நீ சொன்னதற்கு, பார்த்தால் தெரியாதா என்றேன். கடைசியில் நீ, "சரிப்பா, உங்க இஷ்டம்" என்றாய். அந்த "சரிப்பா" எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

அதே லீவில் ஒரு மத்தியானம் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், சாப்பிட்டுவிட்டு அவன் மண்டபத்துக்கும் ஒரு பக்கம் செய்து வைத்துவிட்டு வந்தாய். பிறகு கேட்டதற்கு, "மாமாகிட்ட என்ன எழுதறதுன்னு கேட்டேன். போன்ல ஜனங்க என்னென்ன கேக்கறாங்களோ அதையே எழுதிடு பாப்பான்னாரு" என்றாய். எழுதியிருந்ததும் அவ்வளவுதான். பூதலூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். ஒரு பந்தியில் இருநூறு பேர் சாப்பிடலாம். பாத்திரம் மண்டபத்திலேயே இருக்கிறது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டு. பஸ் திரும்ப இடம் இருக்கிறது. மேல்மாடி இல்லை, அதனால் வயதானவர்கள் படி ஏற வேண்டாம். தமிழில் ஒரு தடவை, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களுக்காக இன்னொரு தடவை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, சின்னதாக ஆறு போட்டோ, ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன என்று ஒரு வரி. போனில் திறந்தால் திரைக்குப் பொருத்தமாக வந்து நின்றது. நான் பார்த்துவிட்டு மனசுக்குள் சிரித்தேன். பாவம், மருமகள் கையால் கிடைத்தது இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த தை மாதம், சம்பா அறுத்து முடித்து ஊரெல்லாம் கல்யாணமாக இருந்த நேரம், நம் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்து சிங்கப்பூருக்குப் போன குடும்பம் பத்திரிகை வைக்க வந்தது. தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு பத்திரிகையை வாங்கிப் பிரித்தேன். மண்டபம், பூதலூர், உன் மாமாவுடையது. முகம் மாறாமல், "ஏம்ப்பா, நம்ம மண்டபம் ஆகாதா?" என்று கேட்டேன். கல்யாணப் பையனின் அப்பா உண்மையிலேயே பதறிப்போனார். "ஐயோ அண்ணே, அங்கேருந்து நெட்டுல ஒரு வாரம் தேடினோம். உங்க மண்டபம் வரவே இல்லையே. மூடிட்டீங்க போலன்னு நெனச்சோம். இது ஒண்ணுதான் வந்துச்சு, எல்லா வெவரமும் அதுலயே இருந்துச்சு." ஆற்றங்கரை ரோட்டில் யானை மாதிரி நிற்கிற மண்டபத்தை என் தெருக்காரனே மூடிவிட்டதாக நினைத்திருக்கிறான். அவர்கள் போனதும் உன் அம்மா, "நம்ம தம்பிக்குத்தானே போச்சு, வெளியாளுக்கா போச்சு" என்றாள். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது. வெளியாளுக்குப் போயிருந்தால் வியாபாரம் என்று விட்டிருப்பேன்.

அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். எழுத்து, படம், தலைப்பு என்று நீ சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது வேறு. மாமனுக்கு என்றால் மனசு வைத்துச் செய்திருக்கிறாள், அப்பனுக்கு என்றால் கடமைக்குச் செய்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. எனக்கு நீ செய்ததில் பாதிக்கு மேல் நான் கெடுத்தது என்பதை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு எப்போதும் தன் பக்கம்தான் சரியாக வரும். உனக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் "நான் அப்பவே சொன்னேனேப்பா" என்பாய், அதைக் கேட்க என் ரோஷம் விடவில்லை. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவன், எந்த மண்டபத்தையும் பத்து நாளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நீ டைரியின் கடைசித் தாளில் எனக்காக எழுதி வைத்துப் போன பாஸ்வேர்டை அவனிடம் கொடுத்தேன்.

அவன் செய்தது என்னவென்று எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். அவன் விளக்கினான், நான் தலையாட்டினேன். என் இணையப் பக்கத்தின் அடியில், வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்தால், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல், உன் மாமா மண்டபத்தின் பெயரையும் பூதலூரையும் திரும்பத் திரும்ப எழுதினான். அதோடு மாமாவின் இணையப் பக்கத்தில் நீ எழுதியிருந்த வரிகளை ஒன்று விடாமல் எடுத்து அதையும் அப்படியே ஒளித்து வைத்தான். மாமாவைத் தேடுகிறவன் என்னிடம் வந்து விழ வேண்டும், அதுதான் ஏற்பாடு. வந்து விழுந்தார்கள். கொஞ்ச நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "பூதலூர் ஸ்டேஷன்கிட்ட இருக்கற மண்டபங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி உன் மாமா நம்பரைக் கொடுத்திருக்க வேண்டும். நான், "பக்கத்துலதாம்மா, கார்ல வந்தா தெரியவே தெரியாது, சொல்லுங்க, எந்தத் தேதி?" என்றேன். முன்பதிவும் செய்துகொண்டேன். அந்தக் கல்யாணத்துக்கு ரயிலில் வந்து இறங்கிய கிழவர்கள் ஆட்டோ தேடி வெயிலில் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றுபோனது. போன் இல்லை. தேடிப் பார்த்தால் மண்டபம் இல்லை. ஊர் பெயரைத் தட்டினேன், இல்லை. என் அம்மா பெயரை முழுசாகத் தட்டினேன், யார் யாரோ வந்தார்கள், அவள் வரவில்லை. ஏமாற்று வேலை செய்கிற பக்கத்தைத் தேடுபொறி கண்டுபிடித்துவிட்டால் ஒரேயடியாகத் தள்ளி வைத்துவிடும் என்று அந்த சென்டர்காரன் அப்போதுதான் சொன்னான், அதையும் ஏதோ மழை வந்துவிட்டது என்பதுபோலச் சொன்னான். உனக்குப் போன் செய்து, "உன் சைட்டு காணாம போச்சு, என்னான்னு பாரு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் மாமா மகனுக்குக் காதுகுத்து, மாமா மண்டபத்தில். நீ லீவு போட்டு வந்திருந்தாய். சொந்தக்காரர்கள் ஒரு முந்நூறு பேர். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யாரோ என்னிடம், "என்னண்ணே, மகள் கம்ப்யூட்டர்ல பெரிய ஆளாமே, மண்டபத்துக்கு நல்லா கூட்டம் வருதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். மாமா மண்டபத்தின் நடுவில், மின்விசிறிக் காற்றில், கூட்டம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு வாய் நிற்கவில்லை. "கூட்டமா? மாமனுக்குன்னா முதல் எடம். அப்பனுக்கு இருந்ததையும் காணாமப் பண்ணிட்டா. கேட்டுப்பாருங்க அவளையே" என்றேன். உன் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். நீ கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றாய். என்னைப் பார்த்தாய். அப்புறம், "ஆமாப்பா. என் தப்புதான். சரி பண்ணிடறேன்" என்றாய். மாமா ஓடி வந்து, "விடுங்க மச்சான், சின்னப் பொண்ணு, வேலை ஜாஸ்தில கவனிச்சிருக்க மாட்டா" என்று சமாதானம் செய்தான். கூட்டத்தில் ஒருத்தர் படிப்பு வேறு, அனுபவம் வேறு என்று ஆரம்பித்தார். நீ கிண்ணத்தை வைத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாய்.

உனக்கு அப்போதே எல்லாம் தெரியும் என்பது எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சென்டர்காரன் சொன்னான். "சார், உங்க பொண்ணு நான் போட்டதையெல்லாம் எடுத்துட்டாங்க. சைட்டு அடியில இருந்த என் சென்டர் பேரைப் பாத்து, வியாழக்கிழமை எனக்குப் போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சு செஞ்சதா, தெரியாம செஞ்சதான்னு. தெரிஞ்சுதான்னு சொல்லிட்டேன்." காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் முன்பே தெரிந்துகொண்டு அங்கே வந்து நின்றிருக்கிறாய். "வெள்ளை எழுத்துல மாமா பேரை ஒளிச்சு வச்சது நீங்கதானேப்பா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முந்நூறு பேருக்கு முன்னால் நான் தலை தூக்கியிருக்க முடியாது. மாமாவும் நானும் அன்றோடு முடிந்திருப்போம். நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகு பக்கத்தை முழுக்கப் பிரித்து எழுத்தாகவே எழுதி, கதவையும் நாதஸ்வரத்தையும் எடுத்து, தேடுபொறிக்காரர்களுக்கு மன்னிப்புக் கேட்டு விண்ணப்பம் அனுப்பி, பல மாதம் காத்திருந்து மண்டபத்தைத் திரும்ப வரவைத்தாய். "வந்துருச்சுப்பா, பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாய். அன்றிலிருந்துதான் என்னிடம் "சாப்பிட்டீங்களாப்பா" தவிர வேறு கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டாய்.

இதில் வெட்கப்பட வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. நீ செய்த வேலைகளை வரிசையாகக் காட்டுகிற உன் சொந்தப் பக்கத்தை நான் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். அதில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் உன் மாமாவின் தகரக் கூரை மண்டபம் இருக்கிறது. என்னுடையது இல்லை. என்னால்தான் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எரிகிறது. மாப்பிள்ளையோடு ஊர் விட்டு ஊர் போய் வாழப்போகிறவளுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் என்ன சொல்வது? உனக்கும் ஒரு நாள் பொறாமை வரும். அவன் அம்மா மேல் வரலாம், அவன் சிநேகிதர்கள் மேல் வரலாம், நாளைக்குப் பிறக்கிற பிள்ளை அவனிடம் அதிகமாக ஒட்டிக்கொண்டால் அவன் மேலேயே வரலாம். வந்தால் அன்றைக்கே, "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று அவனிடமே சொல்லிவிடு. சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும். உன் நாலு வயசில் நான் சிரித்து மழுப்பாமல், "செல்வம், என் பிள்ளை உன்கிட்டயே நிற்கிறது, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லியிருந்தால், அவன் உன்னைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு வெளியே போயிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் கல்யாணத்தை எந்த மண்டபத்தில் வைப்பது என்று பேசுவதற்கு நம் வீட்டில் கூடினோம், நீ சென்னையில் இருந்தாய். உன் அம்மா, பெரிய அத்தை, சித்தப்பா குடும்பம், உன் மாமா, அத்தை, இன்னும் காதுகுத்துக்கு வந்திருந்தவர்களில் முக்கியமானவர்கள். உன்னைப் போனில் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு ஒரு மாதமாகப் பயம். மாமா மண்டபம் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான். நான் வாய் திறப்பதற்கு முன்னால் உன் மாமாவே, "இதுல பேச என்ன இருக்கு? பொண்ணோட அப்பாவுக்கு மண்டபம் இருக்கறப்ப வேற எங்க வைக்கறது? மச்சான் மண்டபம்தான். சமையல் பாத்திரம் பத்தலேன்னா நான் கொண்டாந்து எறக்கறேன்" என்றான். எல்லோரும் சரி என்றார்கள். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததை அவன் வெற்றிலைத் தட்டு மாதிரி என் பக்கம் நகர்த்திவிட்டான். வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை எழுத்து, மன்னார்குடி அம்மா, சென்டர்காரன், வியாழக்கிழமை நீ செய்த போன், காதுகுத்தில் நான் பேசிய பேச்சு, எதையும் விடவில்லை.

உன் அம்மா அழ ஆரம்பித்தாள். பெரிய அத்தை, "அட பாவி" என்றாள், அது எனக்குத்தான். நான் உன் மாமா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் மண்டபத்தின் பெயரைத் திருடியதற்குத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவே இருந்தேன். அவன் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எழுந்து நின்றான். "என் மண்டபத்து பேரை எத்தனை தடவ வேணா எழுதிக்கங்க மச்சான், அது கெடக்குது. புள்ளைய ஏன் அப்படி நிறுத்தி வச்சீங்க? முந்நூறு பேரு பாக்க தலை குனிஞ்சு நின்னாளே. நான் வேற சின்னப் பொண்ணு, கவனிக்கலேன்னு சொல்லி அவளையே தப்புக்காரி ஆக்கிட்டேனே. இருவது வருசத்துல நான் ஒரு நாள் அவளைக் கண்ணு கலங்க விட்டதில்ல" என்றான். காபியைத் தொடாமல் இறங்கிப் போனான். அவனோடு வந்த உன் அத்தையும் பின்னாலேயே ஓடினாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

உண்மையைச் சொல்வதாக ஆரம்பித்தேன், அதனால் இதையும் சொல்கிறேன். அவன் போனபோது எனக்கு வந்தது வெட்கம் மட்டும் இல்லை. உனக்காக அவனுக்கு அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு கோபம் வந்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. யாராவது உன்னை நாலு பேர் முன்னால் தலை குனிய வைத்தால் அப்படி எழுந்து நிற்க வேண்டியவன் நான். அந்த இடத்தில் நான்தான் உன்னைக் குனிய வைத்தேன்.

பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், பிரஸ்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மண்டபத்தின் பெயர் வருகிற வரியை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பெயரை நீ சொல்கிறாயோ அது போகும், ஏன் என்று கேட்க மாட்டேன். மாமா மண்டபம் என்றால் நான் வாசலில் நின்று வாங்க வாங்க என்று எல்லோரையும் கூப்பிடுவேன். எரியும், எரிந்துகொண்டே கூப்பிடுவேன். ஆனால் எங்கே வைத்தாலும் மாமா இல்லாமல் உனக்குக் கல்யாணம் நடக்காது, தாய்மாமன் மாலை போட்டுத்தான் நீ மேடை ஏற வேண்டும். ஒரு வாரமாக நான் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை. நேற்று நேரில் போனேன், வெளிக்கதவைத் திறக்கவில்லை, உள்ளே டிவி சத்தம் கேட்டது. இதை உனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு இப்போதும் பூதலூருக்குத்தான் கிளம்புகிறேன். படித்ததும் அவனுக்குப் போன் செய். நீ கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பான், எனக்குத் தெரியும். "அப்பா வெளியில நிக்கிறாரு, கதவைத் தெறந்து விடுங்க மாமா" என்று எனக்காகச் சொல்லும்மா.

அப்பா